ஒரு மெஷின், நாலு குடித்தனம்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பள்ளிக்கூட மாடியில் திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறரைக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. ஜனவரியில் தொடங்கிய சுற்றுக்கு 'விர்ச்சுவலைசேஷன் அடிப்படைகள்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். பெயர் கொடுத்துவிட்டேன்.

காரணம் என் மருமகன். பெங்களூரிலிருந்து வந்திருந்தவர், ஒருநாள் ராத்திரி பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு கன்டெய்னர் செத்துடுச்சு, பரவாயில்லை, வேற ரெண்டு தூக்கி விட்டுடலாம்" என்றார். முப்பத்தாறு வருடம் ஹார்பரில் டேலி கிளார்க்காக இருந்தவன் காதில் இது எப்படி விழும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பிறகு அவர் சொன்ன விளக்கம் எனக்கு ஏறவில்லை. வீட்டுக்குள் மாமனாருக்கு மருமகன் பாடம் நடத்துவது இரண்டு பேருக்குமே சங்கடம்தான். வகுப்பு என்றால் அந்தத் தொல்லை இல்லை.

பதினோரு பேர் சேர்ந்தோம். எண்ணூர்ப் பக்கம் ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் இருவர் ஷிஃப்ட் முடித்து சேஃப்டி ஷூவோடு அப்படியே வருவார்கள். காசிமேட்டிலிருந்து ஒரு பையன். அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு, இவனுக்குக் கடல் வேண்டாம். மாதவரம் பக்கத்தில் சி.எஃப்.எஸ். ஒன்றில் வேலை பார்க்கும், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. சி.எஃப்.எஸ். என்றால் துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னரைத் திறந்து சரக்கை இறக்குகிற, ஏற்றுகிற பெரிய கிடங்கு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர் லாரிகளைப் பார்த்திருப்பீர்களே, அவை போகிற, வருகிற இடம். அவர் என்னை 'ஐயா' என்று கூப்பிடுவார். மற்ற எல்லோருக்கும் நான் 'அங்கிள்'.

வாத்தியார் முதல் நாளே விஷயத்துக்கு வந்துவிட்டார். "ஒரு வீட்டைத் தடுத்து நாலு போர்ஷன் ஆக்கி வாடகைக்கு விடுற மாதிரி, ஒரு கம்ப்யூட்டரை நாலா ஆக்குறது." எங்கள் ஊரில் ஒண்டுக் குடித்தனம் தெரியாதவர் யார்? ஆனால் இந்த உவமை பாதி தூரம்தான் வரும். ஒண்டுக் குடித்தனத்தில் அடுத்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரை எல்லோருக்கும் தெரியும். இங்கே நடப்பது நேர் எதிர். ஒரே மெஷினுக்குள் நாலு ஆபரேட்டிங் சிஸ்டம் குடியிருக்கும்; ஒவ்வொன்றும் முழு வீடும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பிராசஸர் என்னுடையது, மெமரி என்னுடையது, டிஸ்க் என்னுடையது. அந்த நினைப்பைக் கலையாமல் காப்பாற்றிக்கொண்டு, உள்ளதை அளந்து பங்கு போட்டுக் கொடுக்கிற அடிமட்ட மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். குடியிருக்கும் சிஸ்டத்தை 'கெஸ்ட்' என்கிறார்கள். விருந்தாளி.

வகுப்பில் இருந்தவை ஏதோ அலுவலகம் கழித்துக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் உபுண்டுவை நிறுவுவது முதல் பயிற்சி. பதினொன்றில் எட்டு கிளம்ப மறுத்தன. வி.டி.எக்ஸ். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் செய்தி. அது இன்டெல் சிப்பிலேயே இருக்கும் ஒரு வசதி. 2005 கடைசியிலிருந்து வருகிறது. மெஷினை மறுபடி கிளப்பி, பயாஸ் திரைக்குள் போய், ஒரு வரியை 'எனேபிள்' என்று மாற்ற வேண்டும். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை போலிருக்கிறது.

அன்று மாலை ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். எனக்கு 20 ஜி.பி. டிஸ்க் இருக்கிறது, 1 ஜி.பி. மெமரி இருக்கிறது என்று கணக்குச் சொன்னது. அந்த டிஸ்க் எது என்று வெளியே வந்து தேடினால், ஒரு ஃபோல்டரில் கிடக்கிற ஒரே ஒரு ஃபைல். அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டு வேறு மெஷினுக்குக் கொண்டுபோய் வைத்தால், அங்கே அதே கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். கப்பலையே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிய மாதிரி. பக்கத்தில் அந்த அம்மா வெகுநேரம் அந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் வைத்திருந்த ஆய்வு மையத்தில், சி.பி.-40 என்ற அமைப்பு 1967 ஜனவரியில் வேலைக்கு வந்துவிட்டது. ஒரே மெஷினில் 14 மெய்நிகர் மெஷின்கள். கம்ப்யூட்டர் ஒன்று ஒரு ஹால் முழுக்க அடைத்துக்கொண்டு கொள்ளை விலை விற்ற காலம். பலபேர் பங்கு போட்டே ஆகவேண்டும். 1972-ல் அதையே வி.எம்./370 என்று விற்பனைக்கு அறிவித்தார்கள். மேசைக்கு ஒரு பி.சி. என்று மலிவாகிப் போனதும், எதற்குப் பங்கு என்று உலகம் இதை ஓரத்தில் வைத்துவிட்டது. பிறகு கம்பெனிக்குக் கம்பெனி சர்வர்கள் பெருகி, ஒவ்வொன்றும் பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்து கரன்ட் சாப்பிட ஆரம்பித்ததும் பழைய ஞாபகம் வந்தது. 1998-ல் வி.எம்.வேர் கம்பெனி தொடங்கியது.

1974-ல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். மூன்று நிபந்தனைகள். உள்ளே ஓடும் புரோகிராம், நிஜ மெஷினில் ஓடினால் எப்படி நடக்குமோ அப்படியே நடக்க வேண்டும். பெரும்பாலான வேலை நேரடியாக பிராசஸரிலேயே ஓடவேண்டும், இல்லாவிட்டால் ஆமை வேகம். சாமான்கள் முழுவதும் ஹைப்பர்வைசரின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். இதைக் கேட்டபோது நம் 'மெய்நிகர்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன். மெய்க்கு நிகரானது. முதல் நிபந்தனையை அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது. ஆங்கில 'விர்ச்சுவல்' அவ்வளவு சொல்வதில்லை என்பது என் கட்சி.

ஆனால் பி.சி. சிப்பில் இந்த இலக்கணம் எடுபடவில்லை. அது ஏன் என்பதை வாத்தியார் இரண்டு வகுப்பு விளக்கினார். எண்ணூர்த் தம்பிகள் கொட்டாவி விட்டார்கள். அப்போதுதான் கையைத் தூக்கி, பைலட் கதையைச் சொன்னேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற கப்பலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம். ஆனால் துறைமுகத்துக்குள் தானாக நுழைய முடியாது. வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பார். நம் பைலட் லாஞ்சில் போய், கயிற்றேணியில் ஏறி, மேலே போய்க் கப்பலை நடத்தி உள்ளே கொண்டுவருவார். எஞ்சினை முன்னே விடு, பின்னே இழு, டக் இந்தப் பக்கம் தள்ளட்டும், எல்லாம் அவர் சொற்படி. இப்போது பைலட் ஏறியிருப்பதே தெரியாத ஒரு கேப்டனைக் கற்பனை செய்யுங்கள். நடுக்கடல் மாதிரியே கட்டளை போடுகிறார். ஆபத்தில்லாத கட்டளை நேரே எஞ்சின் ரூமுக்குப் போகிறது. ஆபத்தானது வழியிலேயே பிடிபடுகிறது. பைலட் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்துவிட்டு, 'ஆயிற்று' என்று பதில் அனுப்புகிறார். கேப்டனுக்குத் திருப்தி, கப்பலுக்கும் பத்திரம். ஹைப்பர்வைசர் செய்வது இதைத்தான்.

பழைய பி.சி. சிப்பில் என்ன கோளாறு என்றால், சில கட்டளைகள் நிறைவேறவும் இல்லை, பிடிபடவும் இல்லை. சத்தமில்லாமல் காற்றோடு போயின. பிடிபட வேண்டியிருந்தும் பிடிபடாமல் நழுவுகிற கட்டளைகள் பென்டியம் சிப்பில் 17 என்று 2000-ல் ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது. வி.எம்.வேர்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், கேப்டன் வாயிலிருந்து வரும் கட்டளையை எஞ்சினுக்குப் போய்ச் சேருமுன் திருத்தி எழுதினார்கள். 2003-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த (இது வேறு கேம்பிரிட்ஜ்) ஸென் என்ற அமைப்பு, 'ஐயா, பைலட் ஏறியிருக்கிறார், அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்' என்று கேப்டனிடமே சொல்லிவிட்டது. அதாவது விருந்தாளி சிஸ்டத்தையே கொஞ்சம் மாற்றி எழுதினார்கள். கடைசியில் இன்டெல் சிப்பையே மாற்றிவிட்டது. அதுதான் நாங்கள் பயாஸில் 'எனேபிள்' செய்த வரி. காசிமேட்டுப் பையன் "அப்ப ஸென்தான் அங்கிள் நம்ம ஹார்பர் மாதிரி" என்றான். சரியாகப் பிடித்தான். நிஜக் கேப்டனுக்குப் பைலட் இருப்பது தெரியும். இவருக்கு அவர்மேல் நம்பிக்கை, அவருக்கு இவர் கப்பல்மேல் மரியாதை. எனக்கும் அந்த ஏற்பாடுதான் பிடித்திருந்தது.

மருமகனின் கன்டெய்னருக்கு விடை ஐந்தாவது வாரத்தில் கிடைத்தது. முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் தனித்தனியாக வைக்காமல், எல்லோருக்கும் கர்னல் ஒன்றே, மேலே தடுப்பு மட்டும் தனித்தனி என்று வைத்தால் அது கன்டெய்னர். ஒண்டுக் குடித்தனம் உண்மையில் இதுதான்! கிணறு பொது. கிணறு கெட்டால் எல்லா வீட்டிலும் வயிற்றுப்போக்கு. ஆனால் இடம் மிச்சம், குடிபுகுவதும் காலி செய்வதும் நொடியில். 2013-ல் வந்த டாக்கர் இதைப் பிரபலமாக்கியது. அதன் சின்னமே முதுகில் கன்டெய்னர் சுமக்கும் திமிங்கிலம். இவற்றைக் கூட்டமாக மேய்க்கும் கூபர்நெட்டீஸ் என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். எங்கள் தொழிலின் சொற்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏழாவது வாரம் வாத்தியார் தன் சொந்த மெஷினைக் கொண்டுவந்தார். 16 ஜி.பி. மெமரி, லினக்ஸ், அதில் 2007 முதல் லினக்ஸின் உள்ளேயே இருக்கும் கே.வி.எம். ஹைப்பர்வைசர். பதினோரு பேருக்கும் ஆளுக்கு 2 ஜி.பி. என்று மெய்நிகர் மெஷின் கொடுத்தார். கூட்டிப் பாருங்கள், 22 வருகிறது. "இல்லாததை எப்படி சார் கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாகக் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்தான் என்றார். வங்கியும் அப்படித்தான், பஸ் பாஸும் அப்படித்தான். அரைமணி நேரம் நன்றாகவே ஓடியது. பிறகு, "இப்ப எல்லாரும் ஒண்ணா இந்தப் பெரிய வேலையை ஓட்டுங்க" என்று ஒன்றைக் கொடுத்தார். டிஸ்க் விளக்கு நிலையாக எரிய ஆரம்பித்தது. பதினோரு திரையும் உறைந்தன. மெமரி போதாமல் டிஸ்க்கை மெமரியாக வைத்து ஓட்டப் பார்க்கிறது என்றார் வாத்தியார். அதுவும் நிரம்பியதும் லினக்ஸ் கர்னல் ஒரு முடிவெடுக்கும்: யாராவது ஒருவரைக் கொன்றால் மற்றவர்கள் பிழைக்கலாம். யார் எவ்வளவு மெமரியை அடைத்திருக்கிறார்கள் என்று மதிப்பெண் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும். விருந்தாளிக்கு முன்னறிவிப்பு கிடையாது.

மூன்றாவது வரிசையில் ஒரு திரை கறுப்பானது. சி.எஃப்.எஸ். அம்மாவுடையது. மற்ற பத்தும் மெல்ல அசைந்தன.

"இங்கயும் நான்தானா?" என்று சிரித்தார். எங்களுக்குப் புரியவில்லை.

வகுப்பு முடிந்து தேரடி வரை நடந்து வரும்போது சொன்னார். பதினாலு வருடம் முன்பு டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவர். அலுவலகத்தில் ஏ.சி. போட்ட சின்ன அறையில் நாலு சர்வர். பார்த்துக்கொள்ள ஆள் வைக்காததால், மெல்ல மெல்ல இவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ராத்திரி பேக்கப் எடுப்பது, யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர், புயல் வந்தால் எல்லாவற்றையும் முறையாக நிறுத்திவிட்டுக் கிளம்புவது, கஸ்டம்ஸுக்கு ஃபைல் போகவில்லை என்றால் வெண்டருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது. போன வருடம் யாரோ வந்து நாலு சர்வரையும் ஒன்றாக்கினார்கள். பொங்கலுக்கு முன்பு அந்த ஒன்றையும் எங்கேயோ வாடகை டேட்டா சென்டருக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போது அந்த அறையில் பழைய ஃபைல் கட்டுகள். மார்ச் 31 வரை வேலை என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"நாலு எப்படி ஒண்ணாச்சுன்னு தெரிஞ்சுக்கணும் ஐயா. அதுக்குத்தான் வந்தேன்."

எனக்கு 1983 ஞாபகம் வந்தது. அந்த வருடம் எங்கள் துறைமுகத்தில் கன்டெய்னர் டெர்மினல் திறந்தார்கள். அதுவரை மூட்டை மூட்டையாக, ஸ்லிங் ஸ்லிங்காகத்தான் சரக்கு. ஹாட்சுக்கு ஒரு கேங்க், மேலே விஞ்ச்மேன், கீழே கொக்கியோடு மஸ்தூர்கள், எண்ணி எழுத நான். கன்டெய்னர் வந்ததும், நூற்றுக்கணக்கான மூட்டைக்கு ஒரே பெட்டி, ஒரே நம்பர், ஒரே தூக்கு. அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 1956-ல் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பித் தொடங்கிய காரியம், இருபத்தேழு வருடம் கழித்து எங்கள் கேங்க் மேஸ்திரியின் சாப்பாட்டில் கை வைத்தது. நாலு சர்வர் ஒன்றானதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சும்மா கிடக்கிற இடத்தை, சும்மா நிற்கிற நேரத்தை ஒழிப்பது. ஒழித்தவுடன் அதை நம்பிப் பிழைத்த மனிதர்கள் உபரி ஆகிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்களுக்கு 1948-ம் வருடத்துச் சட்டத்தின் கீழ் டாக் லேபர் போர்டு இருந்தது, யூனியன் இருந்தது. ஒரு கேங்கில் எத்தனை பேர் என்பதைக் குறைக்க வருடக்கணக்காகப் பேசினார்கள். சண்டை, ஸ்டிரைக், பிறகு விருப்ப ஓய்வுத் திட்டம், பணம். போனவர்கள் கையில் கணக்கோடு போனார்கள். அன்றைக்கும் வெளியே லாரி ஏற்றிய கூலிக்காரர்களுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இந்த அம்மா அந்தக் கூலிக்காரர்களின் வரிசையில் நிற்கிறார், கையில் மவுஸோடு. சர்வரை ஒன்றாக்கியதில் எனக்குக் குறை இல்லை. அது நல்ல பொறியியல். பதினாலு வருடத்துக்கு ஒரு காகிதம் கூடத் தராமல் வாய்வார்த்தையில் முடிப்பது எந்தத் தொழில்நுட்பமும் கேட்ட காரியமில்லை.

"பயோடேட்டாவுல என்ன எழுதியிருக்கீங்கம்மா?" என்று கேட்டேன். 'டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், 14 வருடம்' என்று ஒரே வரி. சர்வரைப் பற்றி எதுவும் இல்லை. "அது வேலையா ஐயா, சும்மா பார்த்துக்கிட்டேன்" என்றார்.

டேலி கிளார்க்குக்குத் தெரிந்த ஒரே வித்தை, கண்ணில் பட்டதை விடாமல் எண்ணி எழுதுவது. அடுத்த மூன்று வகுப்புகளுக்கு அரைமணி முன்னதாக வந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் இந்தத் துறையில் என்ன பெயர் என்று வாத்தியார் பக்கத்தில் குறித்தார். பேக்கப் எடுத்தது மட்டுமல்ல, ஏழு முறை அதிலிருந்து மீட்டும் இருக்கிறார். வர்தா புயலன்று, 2016 டிசம்பரில், கரன்ட் போவதற்கு முன்பே நாலையும் முறையாக நிறுத்தி வைத்ததால் ஒரு ஃபைல் கூடக் கெடவில்லை. எழுதி முடித்தபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, வேறு யாரோ ஒருவரைப் பற்றி எழுதியது மாதிரி இருக்கிறது என்றார்.

மார்ச் மூன்றாவது வாரம் கடைசிப் பாடம், லைவ் மைக்ரேஷன். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் மெஷினை, நிறுத்தாமலேயே ஒரு நிஜ மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. டிஸ்க் ஃபைல் இரண்டுக்கும் பொதுவாக மூன்றாவது மெஷினில் இருக்கும். மெமரியை மட்டும் பக்கம் பக்கமாக அந்தப் பக்கம் நகலெடுப்பார்கள். நகலெடுக்கும்போதே சில பக்கங்கள் மாறிவிடும். மாறியதை மட்டும் மறுபடி நகலெடுப்பது. அதற்குள் மாறியதை மறுபடி. மிச்சம் கொஞ்சமான பிறகு ஒரு கணம் மூச்சை நிறுத்தி, கடைசிக் கையளவைக் கொண்டுபோய், அங்கே எழுப்பிவிடுவது. அதைச் செய்து காட்ட வாத்தியார் அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

காசிமேட்டுப் பையன் பக்கத்துத் திரையில் விநாடிக்கு ஒரு பிங் அனுப்பிக்கொண்டிருந்தான். அவர் கட்டளையைத் தட்டினார். பிங் வரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒன்றே ஒன்று தவறியது, பிறகு மறுபடி தொடர்ந்தது. முதல் மெஷினின் பவரை அணைக்கலாமா என்று கேட்டார். அணையுங்கள் என்றார் வாத்தியார். அணைத்தார். வரிகள் இறங்கின.

"எங்க ஆபீஸ்ல இதுக்கு ரெண்டு நாள் எல்லாருக்கும் லீவு விட்டாங்க. யாரும் உள்ள வரக்கூடாதுன்னு. இவ்வளவுதானா?" என்றார்.

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் அவருக்கு வியாழக்கிழமை இன்டர்வியூ. கிடைத்தால் முதல் ஆறு மாதம் ராத்திரி ஷிஃப்ட். திருவொற்றியூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல் பஸ் இருக்குமா ஐயா என்று கேட்டிருக்கிறார். டெப்போவில் விசாரித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.